வீட்டிலிருந்தே உழைக்கலாம் என்று அழைத்த விளம்பர வலையமைப்பு: ஐந்து மாதப் பாவனைக்குப் பின் ஒரு மதிப்பீடு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வசிக்கும் நான், யாழ்ப்பாணச் சமையற் குறிப்புகளுக்கென ஒரு முகநூல் பக்கத்தை ஏழு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஏறத்தாழப் பதினான்காயிரம் பேர் பின்தொடரும் அந்தப் பக்கத்திலிருந்து மாதாந்த இணையக் கட்டணத்துக்காவது பணம் வராதா என்ற எண்ணத்தில், வெளிநாட்டு விளம்பர வலையமைப்பு ஒன்றில் சேர்ந்து, அதன் சேவையை ஐந்து மாதங்கள் பாவித்தேன். நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. இதே சேவை இதே சொற்களுடன் வெவ்வேறு பெயர்களில் வழங்கப்படுவதால், உங்கள் வட்ஸ்அப்புக்கு வரும் அழைப்பு வேறு பெயரில் இருந்தாலும் கீழே எழுதியிருப்பவற்றை அதனுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சேவை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சேர்ந்தபோது எனக்கே அது முழுமையாக விளங்கியிருக்கவில்லை. ஒரு பக்கத்தில் பொருளையோ சந்தாவையோ விற்க விரும்பும் விளம்பரதாரர் இருக்கிறார். மறுபக்கத்தில் என்னைப் போல வாசகர் கூட்டம் ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பவர் இருக்கிறார். எங்களை ‘அஃபிலியேட்’ என்கிறார்கள். தமிழில் தரகர் என்றால் பிழையில்லை. நடுவில் நிற்கும் வலையமைப்பு, விளம்பரதாரர் தரும் ஒவ்வொரு ‘ஓஃபருக்கும்’ தனியான லிங்க் ஒன்றை உருவாக்கித் தரகருக்குத் தருகிறது. அதை நான் பகிர, யாராவது அழுத்திச் சென்று பதிவு செய்தால், பதிவொன்றுக்கு இவ்வளவு என்று விளம்பரதாரர் வலையமைப்புக்குக் கொடுப்பார். வலையமைப்பு தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை எனக்குத் தரும். பத்திரிகை விளம்பரத்தைப் போல இடத்துக்குப் பணம் கிடையாது. பார்த்தவர் தொகைக்கும் பணம் கிடையாது. பதிவு விழுந்தால் மட்டுமே பணம். ஆகவே அந்தப் பதிவை எப்படியாவது விழுத்திவிட வேண்டும் என்ற ஆசை அடிமட்டத்தில் இருக்கும் தரகரிடம் பிறந்தாலும், அதன் இலாபம் மேலே இருக்கும் ஒவ்வொருவருக்கும் பங்கு பங்காகப் போய்ச் சேர்கிறது.

நல்லவற்றை மறைக்கக் கூடாது. பதிவு செய்வதற்கு அரை மணித்தியாலம்கூடப் பிடிக்கவில்லை. ஐம்பது டொலர் சேர்ந்ததும் பேயோனியர் என்ற இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் வந்தது. முதல் இரண்டு தடவையும் சொன்ன நாளில் வந்தது. எல்லாவற்றிலும் மேலானது அவர்களுடைய டாஷ்போர்ட். ஒவ்வொரு கிளிக்கும் எந்த நாட்டிலிருந்து, எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பிலிருந்து, எந்த வகைக் கைபேசியிலிருந்து, எந்த நிமிடத்தில், என்னுடைய எந்தப் பதிவிலிருந்து வந்தது என்பதை வரி வரியாக அது காட்டியது. புறக்கோட்டைப் புடவைக் கடை ஒன்றில் பதினொரு வருடம் கணக்கெழுதிய எனக்கு, இவ்வளவு ஒழுங்கான பேரேட்டைக் கண்டதும் நம்பிக்கை பிறந்துவிட்டது. கணக்கைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் தொழிலையும் சுத்தமாகத்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். புடவைக் கடை அனுபவத்தை நினைத்திருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டேன்.

முதல் மாதம் சமையற் பாத்திரங்களையும் இணையவழி ஆங்கில வகுப்புகளையும் பகிர்ந்ததில் ஒன்பது டொலர் வந்தது. இரண்டாம் மாதத்தில், எனக்கென ஒதுக்கப்பட்ட முகாமையாளர் ஒருவர் வட்ஸ்அப்பில் பேசத் தொடங்கினார். மரியாதையானவர், எந்த நேரத்திலும் பதில் தருவார். இலங்கைக்குப் பொருத்தமானவை என்று அவர் தந்த ஓஃபர்கள் பரிசுப் போட்டிகளாகவும் கேள்வி-பதில் விளையாட்டுகளாகவும் இருந்தன. எந்தப் படத்தைப் போட வேண்டும், மாலையில் எத்தனை மணிக்குப் போட வேண்டும், எத்தகைய குழுக்களில் பகிர்ந்தால் கூடுதலாக விழும் என்பதையெல்லாம் அவரே எழுதி அனுப்பினார். புத்தாண்டை முன்னிட்டு இலவச டேட்டா கிடைக்கும் என்ற படம் ஒன்றை நான் மறுத்துவிட்டேன். சமையல் பற்றிய கேள்வி விளையாட்டு ஒன்றை மட்டும், வீட்டில் நானே திறந்து பார்த்து, பத்துக் கேள்விகளுக்கும் விடை சொல்லி, அதில் பிழை எதுவும் இல்லையென்று கண்ட பின்பு பகிர்ந்தேன். அந்த ஒன்றே அடுத்த இரண்டு மாதங்களில் நூறு டொலருக்கு மேல் தந்தது.

எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் வசிக்கும் மாமி, கைபேசியில் ரீலோட் போட்டாலும் இரண்டு நாள் நிற்பதில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு நாள் கீழே வந்தார். அவருடைய கைபேசியை வாங்கிப் பார்த்தபோது, அவர் ஒருபோதும் திறந்து பார்க்காத ஆங்கிலக் குறுஞ்செய்திகளுக்கிடையில், ஏதோ ஒரு விளையாட்டுச் சேவைக்கு அவர் சந்தாதாரராகிவிட்டதாகவும் நாளாந்தம் கட்டணம் அறவிடப்படுவதாகவும் ஒன்று இருந்தது. “உன்ரை கேள்வி விளையாட்டை மட்டுந்தான் பிள்ளை அமத்தினனான்” என்றார். நான் நம்பவில்லை, அதே லிங்க்கை வீட்டு வைஃபையில் மறுபடி திறந்தேன், அதே பத்துக் கேள்விகள்தான் வந்தன. பிறகு வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்தேன். வேறொரு பக்கம் வந்தது. நடுவில் பெரிய பச்சைப் பொத்தான். அதற்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் தேடித்தான் வாசிக்க வேண்டிய சாம்பல் நிற எழுத்தில் நாளாந்தக் கட்டணம்.

அந்த வேறுபாட்டின் காரணம் ஓஃபரின் நிபந்தனைகளிலேயே எழுதப்பட்டிருந்தது. நான்தான் அதன் பொருளை உணரவில்லை. ‘மொபைல் டேட்டா மட்டும், வைஃபை கணக்கில் சேராது’ என்று இருந்தது. கைபேசி டேட்டாவில் வருபவரின் இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனம் தன் இணைப்பின் வழியாகவே அறிந்துகொள்ளும் என்பதால், அவர் இலக்கத்தைத் தட்டச்சு செய்யாமலேயே ரீலோட் மீதியிலிருந்து கட்டணத்தை எடுத்துவிடலாம். வைஃபையில் வருபவரின் இலக்கம் தெரியாது. ஆகவே அவருக்குக் கட்டணமில்லாத ஒரு விளையாட்டைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் வைஃபை வைத்திருப்பவர் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். நூறு ரூபாவுக்கு ரீலோட் போடுபவரிடம்தான் பறிபோகும்.

இதை ஆதாரத்துடன் எழுதி வலையமைப்புக்கு அனுப்பினேன். இந்தச் சேவையின் வாடிக்கையாளர் பராமரிப்பை இதை வைத்துத்தான் அளக்க வேண்டும். தரகர்கள் சுயாதீன ஒப்பந்தக்காரர்கள் என்றும், அவர்கள் எங்கே எதைப் பகிர்கிறார்கள் என்பதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றும், ஒப்பந்தத்தை மீறி நடந்திருந்தால் அதன் விளைவுகள் என்னையே சாரும் என்றும் மூன்று வரியில் பதில் வந்தது. படமும் நேரமும் அனுப்பிய முகாமையாளர் அதற்குப் பின் வாய் திறக்கவில்லை.

புதுக்கடையில் சட்டக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் அந்தப் பதிலை வாசித்துவிட்டு, “மாமி, இந்தக் கதையை அமெரிக்க நீதிமன்றங்களில ஏற்கெனவே சொல்லிப் பாத்திட்டாங்கள்” என்றான். அடுத்த சில மாலைப் பொழுதுகள் அவன் தேடி எடுத்த வழக்குகளை வாசிப்பதில் கழிந்தன. ஒரு சேவையின் மதிப்பீட்டில் வழக்குகளுக்கு என்ன வேலை என்று கேட்கக் கூடும். நான் பாவித்த சேவையின் உள்ளமைப்பு எனக்கு விளங்கியது டாஷ்போர்டைப் பார்த்தபோது அல்ல, அந்த வழக்குகளை வாசித்தபோதுதான்.

2010 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம், கனடாவைச் சேர்ந்த மக்ஸ்பவுண்டி என்ற விளம்பர வலையமைப்பின் மீது கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்தது. பரிசு அட்டை போன்றவற்றைத் தருவதாகச் சொல்லும் பக்கங்களைத் தரகர்கள் உருவாக்க, பாவனையாளர் முதலில் அந்தப் பக்கத்தின் விசிறியாகி, பிறகு தன் நண்பர்கள் எல்லோரையும் அழைத்து, அதற்குப் பின் வெளியே உள்ள வணிகத் தளம் ஒன்றுக்குச் சென்று வரிசையாகச் சந்தாக்களில் சேர வேண்டியிருந்தது என்பது குற்றச்சாட்டு. வேண்டாத வணிகச் செய்திகளைக் கட்டுப்படுத்த அமெரிக்காவில் 2003 இல் இயற்றப்பட்ட கான்-ஸ்பாம் சட்டம் மின்னஞ்சலை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முகநூல் சுவரில் விழும் பதிவு மின்னஞ்சல் ஆகுமா என்பதே வாதமாயிற்று. 2011 மார்ச்சில் நீதிபதி ஜெரமி ஃபோகல், சுவரிலும் செய்தி ஓடையிலும் விழும் அத்தகைய செய்திகளும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்று கண்டு, வழக்கைத் தொடர அனுமதித்தார். அந்தச் சட்டத்தில் இன்னொரு கூறும் உண்டு: செய்தியைத் தானே அனுப்பியவர் மட்டுமல்லாமல், பணம் கொடுத்தோ வேறு வகையில் தூண்டியோ இன்னொருவரைக் கொண்டு வேண்டுமென்றே அனுப்புவித்தவரும் அனுப்பியவராகக் கருதப்படுவார். தரகருக்குப் பின்னால் நிற்பவரை முன்னுக்குக் கொண்டுவரும் வாசகம் அது.

2012 ஜனவரியில் பேஸ்புக் நிறுவனமும், வொஷிங்டன் மாநிலத்தின் அப்போதைய சட்டமா அதிபர் ரொப் மெக்கென்னாவும், அட்சென்ட் மீடியா என்ற வலையமைப்பின் மீது ஒரே நேரத்தில் தனித்தனி வழக்குகளைத் தாக்கல் செய்தார்கள். பரபரப்பான காணொளி ஒன்றுக்கான தூண்டில். அதை அழுத்தும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் ‘லைக்’ பொத்தான். அழுத்தியவரின் பெயரிலேயே தூண்டில் அவருடைய நண்பர்களுக்குப் பரவுதல். கடைசியில் காணொளிக்குப் பதிலாக விளம்பரக் கருத்துக்கணிப்பு. இந்த வழியால் மாதமொன்றுக்கு 12 இலட்சம் டொலர் வரை வருமானம் கிடைத்தது என்று மாநிலத் தரப்பு குற்றஞ்சாட்டியது. நிறுவனம் அதை மறுத்தது. அதே ஆண்டு மே மாதத்தில், மாநிலத்தின் வழக்குச் செலவாக ஒரு இலட்சம் டொலர் செலுத்துவதற்கும் தரகர்களைக் கண்காணிப்பதற்கும் அது உடன்பட்டு, மாநிலத்துடனான வழக்கு சமரசத்தில் முடிந்தது. மேலே உள்ள இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கணக்கெழுதியவளுக்கு எழும் கேள்வி எனக்கும் எழுந்தது: குற்றச்சாட்டு உண்மையென்றால், கட்டிய தொகை மூன்று நாள் வியாபாரத்துக்குக்கூடக் காணாதே.

ஆனால் என் முறைப்பாட்டுக்கு வந்த மூன்று வரிப் பதிலுக்கு நேரடி விடை இருப்பது லீட்கிளிக் வழக்கில்தான். லீன்ஸ்பா என்ற நிறுவனம் உடல் மெலிவதற்கான பொருட்களை விற்றது. அதற்கு வாடிக்கையாளர் பிடிக்கும் தரகர்களை லீட்கிளிக் என்ற வலையமைப்பு நடத்தியது. தரகர்கள் செய்தித் தளங்களைப் போன்ற போலிப் பக்கங்களைத் தயாரித்தார்கள்: செய்தியாளர் ஒருவர் தானே உட்கொண்டு மெலிந்ததாகக் கட்டுரை, கீழே வாசகர்கள் பாராட்டுவதாகக் கருத்துகள், அத்தனையும் கற்பனை. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் கனெக்டிகட் மாநிலமும் தொடர்ந்த வழக்கில் லீட்கிளிக் சொன்னது, அந்தப் பக்கங்களைத் தான் எழுதவில்லை என்பதே. 2016 இல் அமெரிக்காவின் இரண்டாம் வட்டார மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போலிச் செய்திப் பக்கங்கள் பாவிக்கப்படுவதை லீட்கிளிக் அறிந்திருந்தது, தரகர்களின் பக்கங்களைப் பார்த்து அங்கீகரித்தது, சில சமயம் உள்ளடக்கத்தை மாற்றச் சொன்னது, உண்மையான செய்தித் தளங்களில் விளம்பர இடம் வாங்கியும் கொடுத்தது. அறிந்தும் கட்டுப்படுத்தும் அதிகாரம் கையில் இருந்தும் விட்டதே அதைப் பொறுப்பாளியாக்கப் போதுமானது என்று நீதிமன்றம் கண்டது. பிறர் எழுதியதற்கு இணையத்தளம் பொறுப்பல்ல என்ற அமெரிக்கச் சட்டப் பாதுகாப்பும் அதற்குக் கிடைக்கவில்லை. ஒரு கோடியே 19 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்கும் கட்டளை உறுதியாயிற்று.

வைஃபைக்கு ஒரு முகமும் டேட்டாவுக்கு இன்னொரு முகமும் காட்டும் வேலைக்கு அந்தத் தொழிலில் ‘குளோக்கிங்’ என்று பெயர். மேலாடை போர்த்துதல் என்று பொருள். பரிசோதிப்பவருக்கு நல்ல பக்கத்தையும் மற்றவர்களுக்கு உண்மையான பக்கத்தையும் காட்டுவது இது. 2019 டிசம்பரில் ஹொங்கொங்கைச் சேர்ந்த ஐலைக்அட் என்ற நிறுவனத்தின் மீதும், 2020 ஏப்ரலில் லீட்குளோக் என்ற மென்பொருளை விற்றவர் மீதும் பேஸ்புக் தொடர்ந்த வழக்குகளில் இந்த உத்தியும் குற்றச்சாட்டாக இருந்தது. முகநூலின் பரிசோதகர்களையே ஏமாற்றிய ஒன்று என்னை ஏமாற்றியதில் வியப்பில்லை என்று அண்ணன் மகன் ஆறுதல் சொன்னான். மேல்மாடி மாமியிடம் அந்த ஆறுதலைச் சொல்ல முடியாது.

இனிச் சேவைக்குத் திரும்புகிறேன். ஐந்தாம் மாதக் கொடுப்பனவில் 38 டொலர் நிறுத்திவைக்கப்பட்டது. காரணம் கேட்டபோது, இம்முறை பதில் மூன்று வரியில் வரவில்லை. ஒரு முழு அட்டவணையே வந்தது. என் வீட்டு இணைப்பிலிருந்து ஒரே கைபேசியால் ஏழு தடவை லிங்க் திறக்கப்பட்டிருப்பதாகவும், நேரங்கள் இன்னின்ன என்றும், ஒரு தடவை வைஃபையை நிறுத்திவிட்டு டேட்டாவில் திறக்கப்பட்டிருப்பதாகவும், இது தரமற்ற பாவனை என்றும் அதில் இருந்தது. நான் உண்மையைக் கண்டறியச் செய்த பரிசோதனைகள்தான் அந்த ஏழும். மாமியின் ரீலோட் போனபோது தரகர் என்ன பகிர்கிறார் என்று அறிய வழியில்லாதிருந்த நிறுவனத்துக்கு, எனக்குப் பணம் கொடாமல் விடுவதற்கு மட்டும் என் வரவேற்பறையில் நடந்தது நிமிடக் கணக்கில் தெரிந்திருந்தது. அறியாமை என்ற வாதத்தை அவர்களுடைய சொந்தப் பேரேடே முறியடிக்கிறது. லீட்கிளிக் வழக்கைத் தீர்மானித்ததும் அறிவு, கட்டுப்பாடு என்ற இதே இரண்டும்தான். இந்தச் சேவையின் மிகச் சிறந்த அம்சமென்று முன்னர் நான் பாராட்டிய டாஷ்போர்ட், அதன் மீதான மிகப் பெரிய குற்றச்சாட்டும் ஆகிறது.

இங்கே முறையிட வழி உண்டா என்றால், ஓரளவு உண்டு. அமெரிக்கர்கள் கான்-ஸ்பாம் சட்டத்தை இயற்றிய அதே 2003 இல்தான் நம் நாட்டில் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கான 9 ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. ஏமாற்றும் வகையில் அல்லது தவறாக வழிநடத்தும் வகையில் வியாபாரம் செய்வதை அது தடுக்கிறது. கொழும்பு 2, வொக்ஷோல் வீதியில் அதிகார சபையின் தலைமையகம் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் விளம்பரச் செய்திகளுக்கு முன்சம்மதம் பெறுவது பற்றி ஒரு பகுதியே உண்டு. ஆனால் விளம்பரதாரர் ஒரு நாட்டிலும் வலையமைப்பு இன்னொரு நாட்டிலும் தரகர் வெள்ளவத்தையிலும் இருக்கும்போது, இங்குள்ள அதிகாரியின் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவர் தரகர் மட்டுமே. அதாவது நான். அமெரிக்க வழக்குகளில் பொறுப்பு மேல்நோக்கிச் சென்றது, அங்கே வழக்குத் தொடர்ந்தவர்கள் ஒரு பெரிய நிறுவனமும் மத்திய ஆணைக்குழுவும் மாநில அரசுகளும் என்பதால். வலையமைப்பின் ஒப்பந்தத்தை இப்போது மறுபடி வாசிக்கும்போது, அது வழக்கு வந்தால் பொறுப்பு எந்தத் திசையில் இறங்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த ஆவணமாகவே தெரிகிறது: மூன்றாம் தரப்பினர் எவர் வழக்குத் தொடர்ந்தாலும் நிறுவனத்தின் சட்டச் செலவைத் தரகரே ஈடுசெய்ய வேண்டும் என்ற வாசகம் பதினாறாம் பிரிவில் இருக்கிறது. சேரும்போது நான் ‘சம்மதம்’ என்று அழுத்தியவற்றுள் அதுவும் ஒன்று.

மாமியின் தொலைபேசி நிறுவனத்துக்கு அழைத்துச் சந்தாவை நிறுத்தச் சொன்னதும் உடனே நிறுத்தினார்கள். பேச்சுக்குப் பின் பணத்தில் ஒரு பகுதியையும் திருப்பித் தந்தார்கள். மீதியை நான் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்து, பிறகு ஒரு கிலோ கருவாடாக வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நடந்ததை எழுதி, பின்தொடர்பவர்கள் தங்கள் ரீலோட் மீதியைச் சரிபார்க்கும்படி கேட்டதில், பத்தொன்பது பேர் தங்களுக்கும் அதே சந்தா இருப்பதாக அறிவித்தார்கள். சொல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது டாஷ்போர்டில் துல்லியமாக இருக்கும்.

புள்ளி கொடுப்பதென்றால் ஐந்துக்கு ஒன்று. அதுவும் முதல் இரண்டு கொடுப்பனவுகள் நேரத்துக்கு வந்ததற்காக. இத்தகைய வலையமைப்பில் சேர எண்ணுபவர், கொமிஷன் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், ஓஃபர் ஒவ்வொன்றும் மொபைல் டேட்டாவில் எப்படித் தெரியும் என்பதையும், பாவனையாளர் முறைப்பாடு செய்தால் பணத்தை யார் திருப்பிக் கொடுப்பார் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். என் முகாமையாளர் வட்ஸ்அப் குரற்பதிவுகளையே விரும்பினார்; அந்த விருப்பத்தின் காரணம் எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கணக்கை மூடும்படி விண்ணப்பித்துப் பதினொரு நாட்களின் பின் மூடினார்கள்; 38 டொலர் வரவில்லை. என் பக்கத்திலிருந்த பதிவை அழித்துவிட்டேன், ஆனால் மற்றவர்கள் தங்கள் குழுக்களுக்குப் பிரதிசெய்து போட்டவை இன்னும் அங்கே இருக்கின்றன. மூடப்பட்ட கணக்கின் லிங்க் இறந்திருக்கும் என்று எண்ணி, இந்த வாரம் மொபைல் டேட்டாவில் அதைத் திறந்து பார்த்தேன். பச்சைப் பொத்தான் வந்தது. அதன் வழியாக இப்போது விழும் பதிவுகளுக்குத் தரகர் பங்கு என்று எதையும் அவர்கள் கொடுக்க வேண்டியதில்லை.